கடைசிக் கம்பத்துக்கு இப்பால்

கார்த்திகை மழை விட்ட அன்று காலை, எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டுக் கூரைகளில் சோலர் பனல்கள் கழுவி வைத்த மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. வெயில் நன்றாக ஏறிவிட்டது. ஒழுங்கை முகப்பில் ஒரு தென்னை மட்டை லைனையும் இழுத்துக்கொண்டு விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊரில் கரண்ட் இல்லை. பனல் பூட்டிய அந்த நான்கு வீட்டிலும் இல்லை. பக்கத்து வளவு அண்ணை கிணற்றில் வாளி விட்டு அள்ளிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "தம்பி, கூரையில இவ்வளவு வெயில் விழுது, மோட்டர் ஏன் ஓடுதில்லை? பூட்டின ஆக்கள் பிழையாய்ப் பூட்டிப்போட்டாங்களோ?" என்று கேட்டார்.

பிழையாகப் பூட்டவில்லை. லைன் செத்தால் அதுவும் நிற்க வேண்டும் என்றே அந்தக் கருவியைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அண்ணையின் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. புயல் நாளில் வீட்டில் விளக்கெரிய வேண்டுமென்றால் மின்சாரம் எங்கே பிறக்க வேண்டும் என்ற பெரிய கேள்வியின் ஒரு முனை அது.

முதலில், புயல் வந்தால் கரண்ட் ஏன் போகிறது என்பதைப் பார்ப்போம். மின்னிலையம் உடைந்து போவது மிக அரிது. உடைவது பாதை. யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து வரும் மின்சாரம் வவுனியா, கிளிநொச்சி வழியாக 132 கிலோவோல்ற் கோபுரங்களில் நூறு கிலோமீற்றருக்கும் மேல் ஓடிவந்து சுன்னாகத்தில் இறங்குகிறது. அங்கிருந்து 33 கிலோவோல்ற், 11 கிலோவோல்ற் லைன்களாகப் பிரிந்து, டிரான்ஸ்போமர்களில் இறங்கி, கடைசியில் 230 வோல்ற்றாக ஒழுங்கைக் கம்பத்துக்கு வருகிறது. கோபுரங்கள் ஓரளவு காற்றைத் தாங்கும். தாங்காதது இந்தக் கடைசிப் பகுதிதான். நம்முடைய வளவுகளைப் பாருங்கள்: வேலியோரம் தென்னை, முருங்கை, பூவரசு, இடையிடையே பனை. லைன் அவற்றின் ஊடாகவே போகிறது. பனை காற்றுக்கு லேசில் விழாது. ஆனால் அதன் காவோலை பறக்கும். மழையில் மண் ஊறிய பிறகு முருங்கை தானாகவே சாயும். ஒரு மட்டை போதும், ஒரு ஒழுங்கை இருளும்.

சுன்னாகத்தில் 24 மெகாவாற் உத்துரு ஜனனி மின்னிலையம் 2013 முதல் இருக்கிறது. வன்னிப் பக்கம் கோபுரம் சாய்ந்தாலும் தீவகற்பத்துக்குள்ளேயே மின்சாரம் பிறப்பிக்க ஓர் இடம் உண்டு என்பது பெரிய விஷயம். பளைப் பக்கம் காற்றாலைகளும் சுழல்கின்றன. ஆனாலும் என் ஒழுங்கைக் கம்பம் விழுந்த பிறகு சுன்னாகத்தில் எத்தனை மெகாவாற் இருந்தாலும் எனக்கென்ன? புயல் நாளில் உதவும் மின்சாரம், விழக்கூடிய கடைசிக் கம்பத்துக்கும் இப்பால், வளவுக்குள்ளேயே, ஆஸ்பத்திரி மதிலுக்குள்ளேயே பிறக்கும் மின்சாரம்தான்.

பாதையில் ஆபத்து எத்தனை தரம் வந்திருக்கிறது என்பதை வயதானவர்கள் சொல்வார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தப் பக்கம் மன்னாரையும் நம் கரைகளையும் அடித்துவிட்டே போனது. 1978 நவம்பர் சூறாவளியை மட்டக்களப்பு இன்னும் மறக்கவில்லை. 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரெவி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தத் தீவின் உடம்பு முழுவதையும் உலுப்பிவிட்டுப் போனது. இறந்தவர்கள் 600-க்கும் மேல். கடலுக்கு அந்தப் பக்கம், நமக்கு மிக அருகில், வேதாரணியம் பகுதியில் 2018 நவம்பர் 16-ஆம் திகதி கரையேறிய கஜா, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. காவிரி டெல்ரா ஊர்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. அங்கே சனம் முதலில் தேடியது விளக்கை அல்ல, தண்ணீரை. வாடகைக்கு ஜெனரேற்றர் பிடித்து, ஒவ்வொரு வீடாகப் போய் மோட்டரை ஓட்டித் தாங்கியை நிரப்பினார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆறில்லாத ஊர். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பி வளவுக்கு ஒரு கிணறு. முன்பு துலா இருந்தது, பனையோலைப் பட்டை இருந்தது. இப்போது மோட்டரும் மேலே கறுப்புத் தாங்கியும். கரண்ட் நின்ற அரை நாளில் தாங்கி வற்றிவிடும். வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டியிருந்தால் கிணற்றை இறைத்துக் குளோரீன் போட வேண்டும். இறைக்கவும் கரண்ட் வேண்டும். வீட்டில் முதியவர் ஒக்சிசன் கருவியில் இருந்தால், இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால், நிலைமையைச் சொல்லவே தேவையில்லை. தொலைபேசிக் கோபுரங்களில் பற்றரி சில மணித்தியாலங்களுக்குத்தான். அப்புறம் வெளிநாட்டுப் பிள்ளைகள் எடுக்கும் அழைப்புகள் ஒன்றும் வந்து சேராது.

சரி, அண்ணையின் பனல்கள் ஏன் ஓடவில்லை?

நம் ஊர்களில் கூரைக்கு ஏறிய சோலர்களில் மிகப் பெரும்பாலானவை லைனோடு இணைந்தவை. 2016-இல் அரசாங்கம் கூரை மின்சாரத் திட்டத்தைத் தொடங்கிய நாள் முதல், பகலில் பிறப்பதை லைனுக்குக் கொடுத்து, கணக்கில் கழித்துக்கொள்வது அல்லது காசாக வாங்குவது என்றே மக்கள் பூட்டினார்கள். பனலில் பிறப்பது நேர் மின்னோட்டம். அதை ஆடலோட்டமாக மாற்றுவது இன்வேட்டர். லைனில் விநாடிக்கு 50 தரம் ஏறி இறங்கும் ஒரு தாளம் ஓடுகிறது. லைனோடு இணைந்த இன்வேட்டர் அந்தத் தாளத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் தன் மின்சாரத்தை அதோடு சேர்க்கும். சுருதிப்பெட்டி ஒலித்தால்தான் பாடுவேன் என்று நிற்கும் பாடகர் மாதிரி. சுருதி நின்றால் 2 விநாடிக்குள் அதுவும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது பல நாடுகளிலும் உள்ள விதி.

இந்த விதிக்குக் காரணம் ஓர் உயிர். மட்டை விழுந்து அறுந்த லைனைக் கட்ட, மழையில் நனைந்தபடி ஒரு மின்சார சபை ஊழியர் கம்பத்தில் ஏறுகிறார். டிரான்ஸ்போமரில் நிறுத்தியாகிவிட்டது, லைன் செத்துவிட்டது என்று நம்பி ஏறுகிறார். அந்த நேரம் நான்கு வீட்டுக் கூரை லைனுக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் அவர் என்ன ஆவார்? அதனால்தான் அந்த நிறுத்தம். அதை யாரும் குறை சொல்ல முடியாது, ஏமாற்றவும் கூடாது. செய்ய வேண்டியது வேறு: லைன் செத்ததும் வீட்டை லைனிலிருந்து முழுதாகப் பிரித்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் மின்சாரத்தைக் கொடுப்பது. அதற்குச் சுருதியைத் தானே எழுப்பத் தெரிந்த இன்வேட்டர் வேண்டும், அந்தச் சுருதி தளராமல் தாங்க ஒரு பற்றரி வேண்டும். கடைகளில் ஹைபிரிட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல. லைன் போனால் தனித்து ஓடி வீட்டுக்குக் கரண்ட் விடும் தனி வழி அதில் இருக்கிறதா, அது பூட்டும்போது வயரிங்கில் இணைக்கப்படுகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த வழி இருந்தும் வயர் இழுக்காமல் விட்டுப்போன வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் தூரம் போய் வருவோம். புயலை மின்சாரத்தோடு சேர்த்து நிறையப் படித்த நாடு அமெரிக்கா. அங்கே அதற்கு ஹரிக்கேன் என்று பெயர். 2012 ஒக்ரோபர் 29-ஆம் திகதி சாண்டி நியூயோர்க்கை அடித்தபோது நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெல்வியூ என்ற பெரிய பொது ஆஸ்பத்திரியில் அவசர ஜெனரேற்றர்களை வெள்ளம் எட்டாத 13-ஆம் மாடியில் வைத்திருந்தார்கள். ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்பிகள் நிலக்கீழ்த் தளத்தில். வெள்ளம் அதை மூடியது. ஊழியர்களும் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி எண்ணெயை மேலே கொண்டுபோனார்கள். அதற்கு அருகிலிருந்த இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் அதுவும் முடியாமல், சுமார் 300 நோயாளிகளை, பிறந்து சில நாளான குழந்தைகளைக்கூட, இருட்டுப் படிக்கட்டில் கையால் தூக்கி இறக்கினார்கள்.

அதே இரவில் அதே நகரத்தின் பிரொங்ஸ் பகுதியில், பல்லாயிரம் பேர் வாழும் கோ-ஒப் சிற்றி என்ற மாடிக் குடியிருப்பில் விளக்கு அணையவே இல்லை. பக்கத்து மாநிலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் தன் வளாகத்தை லைனிலிருந்து பிரித்துக்கொண்டு தன் கரண்டில் ஓடியது. இரண்டு இடத்திலும் சொந்த மின்னிலையம் உண்டு. மின்சாரம் எடுத்த பிறகு மிஞ்சும் சூட்டை வீணாக்காமல் கட்டடங்களுக்கு வெந்நீராகவும் வெப்பமாகவும் கொடுக்கும் வகை அது. எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் பாதிக்கும் குறைவுதான் மின்சாரமாகும், மிச்சம் சூடு. அந்தச் சூட்டையும் பிடித்தால் மொத்தப் பயன் எழுபது, எண்பது வீதத்துக்குப் போகும். ஆகவே அந்த எஞ்சினை நாள்தோறும் ஓட்டுவது லாபம். நாள்தோறும் ஓடுகிறது, நாள்தோறும் ஆட்கள் அதைப் பார்க்கிறார்கள். பழுது புயலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

எனக்கு இதில் பிடித்த பாடம் அந்த எஞ்சினின் வகை அல்ல. மாதத்துக்கு ஒரு தரம் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடி வைக்கும் ஜெனரேற்றருக்கும், தினமும் வேலை செய்யும் கருவிக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது புயலுக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது தன் பாட்டில் உழைத்துக்கொண்டிருக்கும்போது புயல் வந்து போகிறது. நம் கொட்டில்களில் பழைய சாக்குப் போர்த்திக் கிடக்கும் பெற்றோல் ஜெனரேற்றர்களை நினைத்துப் பாருங்கள். காபரேற்றருக்குள் பழைய பெற்றோல் பிசினாகி, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு நோவதுதான் மிச்சம்.

அமெரிக்க வழியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே எரிவாயு நிலத்துக்கடியில் குழாயில் வருகிறது. புயல் அதைத் தொடுவது அரிது. நமக்குக் குழாய் இல்லை. டீசல், பெற்றோல், சமையல் வாயு எல்லாம் ஏ-9 வீதியால் லொறியில் வர வேண்டும். அந்த வீதி மூடினால் என்ன நடக்கும் என்று போரைக் கண்ட நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2022-இல் புயலும் இல்லை, போரும் இல்லை; டொலர் தீர்ந்தது, அவ்வளவுதான். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை. ஜெனரேற்றர் வைத்திருந்தவர்களும் இருட்டில்தான் இருந்தார்கள்.

நமக்குக் கிட்டவான உதாரணம் கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ. அதுவும் ஒரு தீவு, எண்ணெய்க்குக் கப்பலைப் பார்த்திருக்கும் இடம். 2017 செப்ரெம்பர் 20-ஆம் திகதி மரியா புயல் அடித்ததில் தீவு முழுவதும் இருண்டது. கடைசி வீடுகளுக்குக் கரண்ட் வர ஏறக்குறைய 11 மாதம். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட இறப்பு எண்ணிக்கை 2,975. காற்றிலும் வெள்ளத்திலும் இறந்தவர்களைவிட, பிறகு மருத்துவமும் கரண்டும் இல்லாமல் இறந்தவர்கள் அதில் மிகப் பலர். மலைநாட்டில் அஜுந்தாஸ் என்ற சிற்றூரில் காசா புவெப்லோ என்ற பொதுமண்டபம் இருக்கிறது. பெயருக்கு 'ஊர் வீடு' என்று பொருள். பல வருடமாகவே சூரிய மின்சாரத்தில் ஓடிய இடம். மரியாவுக்கு அடுத்த நாளும் அங்கே விளக்கு இருந்தது. சனம் தொலைபேசி கொண்டுவந்து ஏற்றியது; மூச்சுக் கருவி வைத்திருந்தவர்கள் அங்கே வந்து இருந்தார்கள். அதற்குப் பின் அந்தத் தீவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பற்றரியோடு கூரைச் சோலர் பூட்டிவிட்டன. 2022-இல் பியோனா புயல் வந்து தீவு மறுபடி இருண்டபோது, அதற்குள் பூட்டி முடித்திருந்த வீடுகளில் விளக்கு எரிந்தது.

'ஊர் வீடு' என்றதும் எனக்கு நம் சனசமூக நிலையங்கள் நினைவுக்கு வருகின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கணக்கு. புயலுக்குப் பின் ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? 9 வாற் எல்.ஈ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணித்தியாலம்: 180 வாற்-மணி. நுளம்புக்காக ஒரு காற்றாடி இரவு முழுவதும்: 400. நான்கு தொலைபேசி: 60. அரைக் குதிரைவலு மோட்டர் அரை மணித்தியாலம் ஓடி 1,000 லீற்றர் தாங்கியை நிரப்ப: 300. எல்லாம் கூட்டினால் ஒரு யூனிற்றுக்குள், அதாவது 1,000 வாற்-மணிக்குள். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டுமென்றால் இன்னொரு யூனிற். ஆக இரண்டு.

கூரையில் 5 கிலோவாற் பனல் இருக்கும் வீட்டில் நல்ல வெயில் நாளில் 20 யூனிற் அளவில் பிறக்கும். புயல் நாள் வெயில் நாள் அல்ல; மாரிக் கருக்கலில் அதில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று வந்தாலே அதிகம். அப்படியென்றால் 2 முதல் 4 யூனிற். பார்த்தீர்களா? வானம் கறுத்த நாளிலும் அண்ணையின் கூரையில் அவர் வீட்டுக்கு வேண்டியது பிறந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அல்லது பிறந்திருக்க முடியும். இடையில் ஒரு 5 யூனிற் பற்றரி இருந்தால், பனலில் ஒன்றுமே வராத இரண்டு நாளைக்கும் கவலை இல்லை. லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகையென்றால் அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், பல வருடம் உழைக்கும். கார் பற்றரி மாதிரி அமில வகையென்றால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும்.

மோட்டர் விஷயத்தில் கவனம் வேண்டும். ஓடும்போது 500, 600 வாற் இழுக்கும் மோட்டர், தொடங்கும் கணத்தில் அதைப்போல நான்கைந்து மடங்கு இழுக்கும். சின்ன இன்வேட்டர் அந்தக் கணத்திலேயே விழுந்துவிடும். பூட்டும்போதே "என் மோட்டரை இது கிளப்புமா" என்று கேட்டு, கிளப்பிக் காட்டச் சொல்ல வேண்டும்.

பற்றரி விலை இறங்கிக்கொண்டு வந்தாலும், ஓர் ஆசிரியருக்கு அது இன்னும் பல மாதச் சம்பளம். கூரையே இல்லாதவர்களும், வாடகை வீட்டுக்காரரும் எங்கே போவார்கள்? அவர்களுக்காகத்தான் ஊர்ப் பொதுவிடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதோடு, காற்றாலை நம்மைப் புயல் மாதத்தில் காப்பாற்றும் என்று நம்புபவர்களுக்கும் ஒரு சொல்: இங்கே காற்றாலைக்கு நல்ல காலம் வைகாசி தொட்டு ஆவணி வரை வீசும் சோளகக் காலம். புயல் வருவது கார்த்திகை, மார்கழியில். அதிலும் காற்று மணிக்கு 90 கிலோமீற்றரைத் தொட்டால் பெரும்பாலான காற்றாலைகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிடும்.

ஜெனரேற்றரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு அது கட்டாயம் வேண்டும். வீட்டில் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயத்தை உயிர்போல் நினைக்க வேண்டும். ஒன்று, அதன் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. மழை என்று விறாந்தைக்குள், குசினிக்குள் வைத்து ஓட்டினால் தூக்கத்திலேயே குடும்பம் போய்விடும். 2020-இல் லோறா புயல் லூசியானாவை அடித்தபோது, காற்றுக்குத் தப்பிய பலர் பிறகு ஜெனரேற்றர் புகையில் இறந்தார்கள். இரண்டு, ஜெனரேற்றர் வயரைச் சுவர் பிளக்கில் குத்தி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் பழக்கம். அந்த மின்சாரம் மீற்றர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்போமரில் பின்புறமாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ற்றாக லைனில் நிற்கும். கம்பத்தில் ஏறும் அந்த ஊழியரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை லைனோடோ ஜெனரேற்றரோடோ ஒன்றோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று பூட்டினால் இந்த ஆபத்தே இல்லை.

சோலருக்கும் அதன் ஆபத்து உண்டு. லைன் நின்றாலும் பகலில் பனல்களுக்கிடையே ஓடும் வயரில் நூற்றுக்கணக்கான வோல்ற் நிற்கும். வெள்ளத்தில் நனைந்த இன்வேட்டரைக் கைவைத்துத் துடைக்க வேண்டாம். பற்றரியையும் இன்வேட்டரையும், வளவில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று அம்மம்மாவிடம் கேட்டு, அதற்கும் மேலே சுவரில் பூட்டுங்கள். மரியாவில் சில இடங்களில் பனல்கள் சருகாகப் பறந்தன, சில இடங்களில் அசையவே இல்லை. வித்தியாசம் பெரும்பாலும் அவற்றைப் பிடித்திருந்த கிளாம்பிலும் போல்ற்றிலும்தான் இருந்தது. நம் உப்புக்காற்றில் மலிவு ஆணி நான்கு வருடத்தில் துருவாகும்.

இதெல்லாம் மிகவும் கூர்மையாகத் தெரியும் இடம் தீவகம். நெடுந்தீவுக்குத் தேசிய லைன் போகவில்லை. அங்கே கரண்ட் என்பது எப்போதும் அந்த மண்ணிலேயே பிறப்பதுதான், டீசலில். டீசல் குறிகாட்டுவானிலிருந்து கடலால் போக வேண்டும். காற்று எழும்பினால் குமுதினிப் படகும் போகாது, எண்ணெயும் போகாது, நோயாளியும் யாழ்ப்பாணம் வர முடியாது. கரண்ட் மிக அவசியமான அந்த நாட்களிலேயே அதற்கான எண்ணெயின் பாதை அடைபடுகிறது. எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் நான்கையும் கோத்த சிறு மின்னிலையம் ஏற்கனவே செய்து பார்க்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய மானியத்தில் அதேபோன்ற திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது: 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்று, பற்றரி, கைகாவலுக்கு டீசல். இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. முதலில் அங்கேயே கிடைப்பது, பிறகு சேமித்தது, கடைசியில் எண்ணெய். பீப்பாயில் இருக்கும் டீசல் இரண்டு நாளில் தீராமல் இரண்டு வாரம் இழுபடும். நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் பிரசவ நேரத்தில் விளக்கு எரிவதற்கும் எரியாமல் விடுவதற்கும் உள்ள இடைவெளி அந்த இரண்டு வாரம்தான்.

வளவுக்குள்ளேயே கரண்ட் பிறப்பிப்பது நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். 90-களின் முதல் பாதி முழுவதும் லக்சபானக் கரண்ட், அதாவது தேசிய லைனில் வரும் மின்சாரம், இல்லாமல் வாழ்ந்த ஊர் இது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். செய்தி முடியும்வரை சுற்றுபவர் நிறுத்தக்கூடாது. தண்ணி மெசினைக் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் வைத்து ஒரு சொட்டு எண்ணெயில் விடிய விடியப் படித்தோம். அந்தக் கஷ்டத்தை யாரும் திரும்ப விரும்பமாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் எது அவசியம், எது இல்லாமலும் சமாளிக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு உண்டு. புயல் நாளுக்கு வயரிங் செய்வது என்பதும் அந்தக் கணக்கே: வீடு முழுவதையும் பற்றரியில் தொங்கவிடாமல், இரண்டு விளக்கு, ஒரு காற்றாடி, ஒரு பிளக், மோட்டர் என்று ஒரு தனி வழியைப் பிரித்து விடுவது.

சனசமூக நிலையத்துக்கு வருகிறேன். ஊருக்கு ஒன்று இருக்கிறது; வாசிகசாலையும் ஒரு மண்டபமும். அதன் கூரையில் 3 கிலோவாற் பனல், உள்ளே உயரத்தில் ஒரு பற்றரி, தனித்து ஓடும் இன்வேட்டர், முற்றத்தில் கிணறு இருந்தால் அதற்கொரு மோட்டர். சாதாரண நாளில் வாசிகசாலையின் மின்கட்டணம் குறையும், மாலையில் பிள்ளைகள் வெளிச்சத்தில் படிப்பார்கள். புயல் நாளில் ஊரின் தொலைபேசிகள் ஏறும், இன்சுலின் குளிரும், தண்ணீர் வரும். பக்கத்து முதியவரின் ஒக்சிசன் கருவியைக் கொண்டுவந்து குத்தலாம். வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் தேருக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள். ஒரு தேரின் செலவில் எத்தனை ஊரின் வாசிகசாலைகளுக்கு இது ஆகும் என்று அவர்களிடம் கேட்க எனக்குத் தயக்கமே இல்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோயில்களிடமும் ஒன்று இருக்கிறது: திருவிழாவுக்கு வரும் ஜெனரேற்றர். கரண்ட் நின்றால் சாமி வெளிவீதி வராமல் நிற்பதில்லை அல்லவா? புயல் முடிந்த மறுநாள் அதே ஜெனரேற்றரை ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றி ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோனால், வீட்டுக்கு அரை மணித்தியாலம் வீதம் ஒரு பகலில் பதினைந்து வீட்டுத் தாங்கி நிரம்பும். வேதாரணியத்தில் சனம் காசு கொடுத்துச் செய்ததை, நாம் கோயில் சபையும் கிராம சேவகரும் முன்கூட்டியே பேசி வைத்து, காசில்லாமல் செய்யலாம். எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்ற வரிசையை மழைக்கு முன்பே எழுதி வைத்தால் போதும்.

அண்ணை இந்த ஆவணியில் பழைய இன்வேட்டரை மாற்றிவிட்டார். பற்றரி சின்னதுதான், மோட்டரும் இரண்டு விளக்கும் ஒரு பிளக்கும் தனி வழியில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சைத் தானே இறக்கிவிட்டு மோட்டரைப் போட்டுப் பார்க்கிறார். போன ஞாயிறும் பார்த்தார். தாங்கி வழிந்து தண்ணீர் முற்றத்து வாழையடிக்கு ஓட, "வருது தம்பி" என்று வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னார்.